காயம் ஒன்று, வாசல் பல

சென்னை பாலவாக்கத்தில் நின்று நாலு திசையையும் மனக்கண்ணால் பார்த்தால், உடல் ஊனமுற்றுத் திரும்பிய ஒரு படைவீரருக்குத் தேவையான அத்தனையும் பக்கத்திலேயே இருப்பதாகத் தோன்றும். மேற்கே பரங்கிமலையில் ராணுவ மருத்துவமனை. அதே மலையடிவாரத்தில் ஆபீசர்ஸ் டிரெய்னிங் அகாடமி. கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போனால் முட்டுக்காட்டில், பலவகைக் குறைபாடு உள்ளவர்களுக்காக மத்திய அரசு 2005-ல் தொடங்கிய தேசிய நிறுவனம். வடக்கே திருவான்மியூரைத் தாண்டினால் அடையாற்றிலிருந்தே பெரிய தனியார் மருத்துவமனைகள். கே.கே. நகரில் அரசின் மறுவாழ்வு மருத்துவமனை ஒன்று, ஈ.எஸ்.ஐ. மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஒன்று. மெரினாவை ஒட்டி மேலே போனால் தீவுத்திடல் பக்கம் முன்னாள் படைவீரர்களின் பாலிகிளினிக்.

எல்லாம் இருக்கிறது. ஆனால் ஒரு வாசலில் எழுதிக் கொடுத்த சீட்டு அடுத்த வாசலில் செல்லாது. ஒவ்வொரு மேசையிலும் முதல் கேள்வி, "உங்களுக்கு எங்கே வலிக்கிறது?" என்பதாக இருப்பதில்லை, "நீங்கள் எந்தத் திட்டத்தில் இருக்கிறீர்கள்?" என்பதாகத்தான் இருக்கிறது. முதுகெலும்பு முறிந்து 28 வயதில் வீடு திரும்பும் ஒருவர், இந்தக் கேள்விக்கு இன்னும் 40, 50 ஆண்டுகள் பதில் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஓய்வுபெற்ற ராணுவத்தினர் என்றதும் நம் மனதில் வரும் உருவம் வயதானவர். நரைத்த மீசை, கேன்டீன் கார்டு, நவம்பர் மாத லைஃப் சர்டிஃபிகேட். மருத்துவத் திட்டங்களும் அந்த உருவத்தை வைத்தே தைக்கப்பட்டிருக்கின்றன. ராணுவத்தில் ஒரு சிப்பாய் சாதாரணமாகவே நாற்பதை ஒட்டிப் பென்ஷன் வாங்கிவிடுகிறார். மெடிக்கல் போர்டு உட்கார்ந்து 'இனி இவர் பணிக்குத் தகுதியில்லை' என்று எழுதி அனுப்பினால், அது 22 வயதிலும் நடக்கும், 30 வயதிலும் நடக்கும். பேச்சுவழக்கில் 'போர்டு அவுட்' என்பார்கள். அவர்களைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை.

பரங்கிமலையில் ஒரு பிழை

ஆபீசர்ஸ் டிரெய்னிங் அகாடமி 1963-ல் பயிற்சிப் பள்ளியாகத் தொடங்கியது. 1988-ல் இன்றைய பெயரைப் பெற்றது. 1992 முதல் பெண்களும் அங்கே பயிற்சி பெறுகிறார்கள். ஷார்ட் சர்வீஸ் கமிஷன் என்னும் குறுகிய காலப் பணிக்கான அதிகாரிகளை உருவாக்கும் இடம் அது. மலையேற்றம், குத்துச்சண்டை, கயிற்றில் தொங்கித் தாண்டுதல், முதுகில் சுமையோடு பல கிலோமீட்டர் ஓட்டம் என்று அங்கே பழகுபவர்கள் இருபதுகளில் இருக்கும் பிள்ளைகள். ஒரு தவறான விழுதலில் கழுத்தெலும்பு நொறுங்க ஒரு நொடி போதும்.

அப்படி நடந்தால் என்ன ஆகும்? 2025 ஆகஸ்ட் வரை இதற்கு இருந்த பதிலை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது. பயிற்சி முடிந்து தோளில் நட்சத்திரம் ஏறும் நாள்வரை அவர் 'கேடட்'. கேடட் என்பவர் சட்டப்படி படைவீரர் ஆகவில்லை. படைவீரர் ஆகாதவர் 'முன்னாள் படைவீரர்' ஆக முடியாது. அந்தத் தகுதி இல்லையென்றால், முன்னாள் படைவீரர் பங்களிப்பு மருத்துவத் திட்டமான ஈ.சி.எச்.எஸ். கிடையாது. இத்தனைக்கும், சிப்பாயாகச் சேரும் ரெக்ரூட் முதல் நாளிலிருந்தே ராணுவச் சட்டத்துக்குள் வந்துவிடுகிறார். பயிற்சியில் அடிபட்டால் ஊனமுற்றோர் பென்ஷனுக்கு உரிமை கோரலாம், அந்தப் பென்ஷனோடு மருத்துவமும் வரும். ஒரே மாதிரியான மைதானத்தில், ஒரே மாதிரியான விபத்தில், ஒருவருக்குக் கிடைப்பது இன்னொருவருக்கு இல்லை.

தேசியப் பாதுகாப்பு அகாடமி, டேராடூனின் இந்திய ராணுவ அகாடமி, பரங்கிமலை போன்ற நிறுவனங்களிலிருந்து 1985 முதல் சுமார் 500 கேடட்டுகள் உடல்நிலைக் காரணத்தால் வெளியேற்றப்பட்டிருக்கிறார்கள் என்ற செய்தியை 'தி இந்தியன் எக்ஸ்பிரஸ்' வெளியிட்டது. உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்டில் அதைத் தானாக முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. நீதிபதி பி.வி. நாகரத்னா தலைமையிலான அமர்வு மத்திய அரசிடம் கேள்விகளை அடுக்கியது: இவர்களுக்குக் காப்பீடு ஏன் இல்லை? மாதம் அதிகபட்சம் சுமார் 40,000 ரூபாய் என்ற கருணைத்தொகை போதுமா? உடல் தேறியவர்களுக்கு மேசைப் பணியாவது தரக்கூடாதா? இந்த வழக்கைக் கேட்ட நீதிபதிகளில், சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து உச்ச நீதிமன்றம் சென்ற ஆர். மகாதேவனும் ஒருவர்.

அந்த மாத இறுதியிலேயே பாதுகாப்பு அமைச்சகம் இறங்கிவந்தது. வெளியேற்றப்பட்ட கேடட்டுகளுக்கு ஈ.சி.எச்.எஸ். திறந்துவிடப்பட்டது. அதிகாரிகள் கட்ட வேண்டிய 1,20,000 ரூபாய் ஒருமுறைச் சந்தாவும் தள்ளுபடி. நாற்பது ஆண்டுகளாக முடியாமல் இருந்த ஒன்று மூன்று வாரத்துக்குள் முடிந்தது. முடியாமல் இருந்ததற்குப் பணம் காரணமில்லை என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் நிரூபிக்க முடியாது.

அந்த உத்தரவில் ஒரு நிபந்தனை உண்டு: வேறு எந்த அரசு மருத்துவத் திட்டத்திலும் உறுப்பினராக இல்லை என்று விண்ணப்பதாரர் உறுதி கூற வேண்டும். இத்தனை ஆண்டுகள் கதவு மூடியிருந்ததால் வேறெங்கோ ஒதுங்கியவர், அந்த ஒதுங்கலை விட்டால்தான் இந்த வாசலுக்குள் வரலாம். ஒரு திட்டத்தில் தலை நுழைத்தால் மற்றதிலிருந்து வால் வெளியே வந்தாக வேண்டும் என்ற இந்த விதியைப் பிறகும் சந்திப்போம்.

திட்டம் நல்லதுதான்

ஈ.சி.எச்.எஸ்.ஸைக் குறை சொல்வதற்கு முன் அது என்ன என்று நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். 2003 ஏப்ரல் 1-ல் தொடங்கியது. அதற்கு முன் ஓய்வுபெற்றவர்களுக்குப் படை மருத்துவமனைகளில் இடமிருந்தால் சிகிச்சை, இல்லையென்றால் சொந்தச் செலவு. இன்று நாடு முழுக்க 400-க்கும் மேற்பட்ட பாலிகிளினிக்குகள், 60 லட்சத்துக்கும் மேற்பட்ட பயனாளிகள். ஒருமுறை சந்தா கட்டினால் வாழ்நாள் முழுவதும் மருத்துவம். 2017 டிசம்பர் முதல் ஹவில்தார் வரையான படிநிலைகளுக்கு 30,000 ரூபாய், இளநிலை அதிகாரிகளான ஜே.சி.ஓ.க்களுக்கு 67,000, அதிகாரிகளுக்கு 1,20,000. போரில் ஊனமுற்றவர்களும் போரில் கணவரை இழந்தவர்களும் கட்ட வேண்டியதில்லை. 1996-க்கு முன் ஓய்வுபெற்றவர்களும் அப்படியே. சேருவதற்கு வயது வரம்பில்லை. ஏற்கெனவே உள்ள நோயைக் காட்டி மறுக்க முடியாது. செலவுக்கு உச்சவரம்பும் இல்லை. எந்தத் தனியார் காப்பீட்டு நிறுவனமும், முதுகுத்தண்டு முறிந்த 28 வயதுக்காரருக்கு இப்படி ஒரு ஏற்பாட்டைத் தராது.

ஆனால் அதன் நடைமுறை இப்படி: முதலில் பாலிகிளினிக். அங்குள்ள மருத்துவர் பார்த்து, தேவையென்றால் ராணுவ மருத்துவமனைக்கோ, பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைக்கோ ரெஃபரல் எழுதித் தருவார். அந்தச் சீட்டோடு போனால் பணம் கட்டாமல் சிகிச்சை. அவசர நேரத்தில் பட்டியலில் இல்லாத மருத்துவமனையில் சேர நேர்ந்தால் 48 மணி நேரத்துக்குள் பாலிகிளினிக்குக்குத் தகவல் போக வேண்டும். செலவைக் கையிலிருந்து கட்டிவிட்டு, அரசு நிர்ணயித்த விகிதத்தில் திரும்பப் பெற வேண்டும். தனியார் மருத்துவமனைகளுக்கு அரசு தர வேண்டிய பாக்கி சேர்ந்துபோகும் காலங்களில், சில இடங்களில் கவுன்ட்டரிலேயே "இப்போது ஈ.சி.எச்.எஸ். எடுப்பதில்லை" என்று சொல்லிவிடுவதும் நடக்கிறது.

பாலவாக்கத்திலிருந்து இதைப் பொருத்திப் பாருங்கள். தீவுத்திடலுக்குப் போக அடையாறு, சாந்தோம், மெரினா என்று நகரின் குறுக்கே போக வேண்டும். தாம்பரம் பாலிகிளினிக் என்றால் துரைப்பாக்கம் ரேடியல் சாலை வழியாகப் பல்லாவரம், பிறகு ஜி.எஸ்.டி. சாலை. நடக்க முடிந்த மனிதருக்கு இது ஒரு காலை வேளை. சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு ஒரு வண்டி ஏற்பாடு, தூக்கி வைக்க ஓர் ஆள், கூட வருபவருக்கு ஒருநாள் சம்பள இழப்பு. அடையாற்றில் இருக்கும் மருத்துவமனையைத் தாண்டித்தான், அந்த மருத்துவமனைக்குப் போவதற்கான சீட்டை வாங்கப் போக வேண்டும்.

இரண்டு சொற்கள் தீர்மானிக்கும் வாழ்க்கை

இந்தத் திட்டத்துக்குள் வர அடிப்படைச் சாவி பென்ஷன். பென்ஷன் உத்தரவான பி.பி.ஓ. கையில் இருந்தால் விண்ணப்பிக்கலாம். கார்டு வரும்வரை தற்காலிகச் சீட்டை வைத்துச் சமாளிக்கலாம். பி.பி.ஓ. இல்லாவிட்டால் பெரும்பாலும் எதுவும் நகராது.

போர்டு அவுட் ஆனவருக்கு எந்தப் பென்ஷன் என்பதை மெடிக்கல் போர்டின் காகிதத்தில் உள்ள இரண்டு வார்த்தைகள் முடிவுசெய்கின்றன. 'எட்ரிபியூட்டபிள்', 'அக்ரவேட்டட்'. நோயோ காயமோ படைப்பணியால் வந்ததா, அல்லது இருந்த குறை படைப்பணியால் மோசமானதா? இரண்டில் ஒன்று 'ஆம்' என்றால் டிசபிலிட்டி பென்ஷன். இரண்டுமே 'இல்லை' என்றால், குறைந்தது பத்தாண்டு பணி முடித்தவருக்கு இன்வேலிட் பென்ஷன். அதற்குக் குறைவானவர் பெரும்பாலும் ஒரு கிராஜுவிட்டித் தொகையோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். 2020-ல் அரசு இதைக் கொஞ்சம் தளர்த்தியது. ராணுவ வேலை, சிவில் வேலை இரண்டையுமே செய்ய முடியாத அளவுக்கு நிரந்தரமாக முடங்கியவருக்குப் பத்தாண்டு நிபந்தனை இல்லை.

விடுமுறையில் ஊருக்கு வந்தபோது பைக் விபத்து. எல்லையில் பணியாற்றிய மூன்றாம் ஆண்டில் மனநோய். இருபத்தைந்து வயதில் சர்க்கரை. இவையெல்லாம் பணியால் வந்தவையா? 2013-ல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: சேரும்போது பரிசோதித்து நலமாக இருக்கிறார் என்று எடுத்துக்கொண்டீர்கள், குறை எதையும் அப்போது பதிவு செய்யவில்லை, ஆகவே பிறகு வந்த நோய் பணியால் வந்தது என்றே அனுமானிக்க வேண்டும், இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு நிர்வாகத்துடையது. 2014-ல் ராம் அவதார் வழக்கு, ஊனத்தின் சதவீதத்தை மேலே உயர்த்திக் கணக்கிடும் சலுகையைப் பணிக்காலம் முடிந்து ஓய்வுபெற்றவர்களுக்கும் நீட்டித்தது. ஆயினும் தீர்ப்பு வந்துவிட்டதால் போர்டு தானாக மாறிவிடுவதில்லை. 2009 முதல் இயங்கும் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் அமர்வுகளில், சென்னையிலும் கூட, இன்றும் வந்து சேரும் மனுக்களில் டிசபிலிட்டி பென்ஷன் வழக்குகளுக்குக் குறைவில்லை. 2023 செப்டம்பரில் புதிய தகுதி விதிகளும் வந்தன. அவை ஊனமுற்றவர்களுக்குச் சாதகமாக இல்லை என்று முன்னாள் படைவீரர்கள் பலர் அப்போதே எதிர்ப்புத் தெரிவித்தார்கள்.

பென்ஷன் வழக்கு எத்தனை ஆண்டு வேண்டுமானாலும் ஓடட்டும். பணம் நிலுவையாக வந்து சேரும். மருத்துவம் நிலுவையாக வர முடியாது. மூன்றாம் ஆண்டில் கிடைத்த கார்டு, முதல் ஆண்டில் வந்த படுக்கைப்புண்ணை ஆற்றாது. என் வாதம் இந்த இடத்தில்தான் இருக்கிறது: சிகிச்சைக்கான உரிமையைப் பென்ஷனிலிருந்து கழற்றி, காயத்தோடு கட்ட வேண்டும். மெடிக்கல் போர்டு கையெழுத்திடும் அன்றே மருத்துவக் கார்டு கையில் இருக்க வேண்டும். அது பணியால் வந்ததா இல்லையா என்பதைப் பிறகு சண்டையிட்டுத் தீர்த்துக்கொள்ளலாம்.

இது நடக்காத கனவு என்பவர்களுக்கு நம் மாநிலத்திலேயே உதாரணம் இருக்கிறது. 2021 டிசம்பர் 18-ல் மேல்மருவத்தூரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம். தமிழ்நாட்டு எல்லைக்குள் சாலை விபத்தில் சிக்குபவர் யாராக இருந்தாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். வருமானச் சான்று கேட்பதில்லை, ரேஷன் கார்டு கேட்பதில்லை, எந்த மாநிலத்தவர் என்று கேட்பதில்லை. காயம்தான் தகுதி. கிழக்குக் கடற்கரைச் சாலையில் அடிபட்டு விழும் வழிப்போக்கருக்கு நாம் செய்ய முடிந்ததை, பரங்கிமலை மைதானத்தில் விழும் பிள்ளைக்கு நாடு செய்ய முடியாதா?

மருத்துவமனைக்கு வெளியே இருக்கும் நோய்

முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டவரின் ஒரு நாளை மருத்துவத் திட்டம் எழுதுபவர்கள் பார்த்திருக்க வேண்டும். படுக்கையில் இருக்கும்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிவிட வேண்டும். தவறினால் தோல் அழுகும். சிறுநீர் தானாக வெளியேறாது. ஒருநாளைக்கு நான்கு முதல் ஆறு முறை கதீட்டர் செலுத்தி எடுக்க வேண்டும். மாதத்துக்கு 120 முதல் 180 முறை. சுத்தம் குறைந்தால் தொற்று. தொற்று சிறுநீரகத்துக்கு ஏறினால் உயிருக்கு ஆபத்து. மூட்டுகள் இறுகாமல் இருக்கத் தினமும் பிசியோதெரபி. மலச்சிக்கல், தசை இறுக்கம், உணர்விழந்த காலில் தெரியாமலே படும் சூடு. இவற்றுக்கு நடுவே, 'இனி எதற்கு இருக்கிறேன்' என்ற எண்ணம் வரும் இரவுகள்.

இதில் அறுவை சிகிச்சை, ஐ.சி.யூ. போன்ற பெரிய செலவுகள் வரும் நாட்கள் குறைவு. மற்ற நாட்கள் எல்லாம் கையுறை, கதீட்டர், டயப்பர், காற்று மெத்தை, ஓர் உதவியாளர், வீட்டுக்கு வரும் பிசியோதெரபிஸ்ட். திட்டமோ மருத்துவமனையைச் சுற்றிக் கட்டப்பட்டது. நூறு சதவீத ஊனத்துக்கு 'கான்ஸ்டன்ட் அட்டெண்டன்ஸ் அலவன்ஸ்' என்று உதவியாளர் படி உண்டு. ஏழாவது ஊதியக் குழுவுக்குப் பின் மாதம் 6,750 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். அந்தத் தொகைக்குச் சென்னையில் இரவு பகல் இருக்க யாரும் வரமாட்டார்கள். அதனால் வருவது அம்மா. சில வீடுகளில் மனைவி. வேலையை விட்டுவிட்டு வருகிறார்கள், அந்த இழப்பு எந்தக் காகிதத்திலும் ஏறுவதில்லை. மகனைத் தூக்கித் தூக்கி இடுப்பு விட்டுப்போன தாய்மாரின் கணக்கை யார் எடுப்பது?

ராணுவத்திடம் நல்ல மறுவாழ்வு மரபு இல்லாமல் இல்லை. புனேயில் செயற்கை அவயவ மையம் 1944 முதல் இருக்கிறது. பக்கத்தில் கிர்க்கியில் 1974-லும், மொகாலியில் 1978-லும் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்ட வீரர்களுக்கான மறுவாழ்வு இல்லங்கள் ஏற்பட்டன. கும்பகோணத்துக்காரரான ஆனந்தன் குணசேகரன், மெட்ராஸ் சாப்பர்ஸ் வீரர், 2008-ல் எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டருகே கண்ணிவெடியில் இடது காலை இழந்தார். படை அவரை விடவில்லை. செயற்கைக் காலோடு ஓடி நாட்டுக்காகப் பதக்கங்கள் வென்றார். பணியிலேயே வைத்துக்கொள்ளப்பட்டவருக்கு ராணுவ மருத்துவமனை, ஊதியம், சக வீரர்கள் என்று ஒரு சூழல் தொடர்கிறது. வெளியே அனுப்பப்பட்டவருக்கு அது ஒரே நாளில் அறுந்துபோகிறது. புனே தூரம், மொகாலி அதைவிடத் தூரம். தெற்கே அப்படி ஒரு முழுமையான ராணுவ மறுவாழ்வு இல்லம் ஏன் இல்லை என்பதைத் தமிழக எம்.பி.க்கள் நாடாளுமன்றத்தில் கேட்கலாம்.

இந்த இடத்தில் மாநில அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' கைகொடுக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய இத்திட்டத்தில், நடமாட முடியாதவர்களுக்கு வீட்டுக்கே வந்து பிசியோதெரபியும் நோய்த்தணிப்புச் சிகிச்சையும் தருகிறார்கள். நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்தால் போதும். முன்னாள் ராணுவத்தினர் குடும்பங்கள் பல இதைக் கேட்பதே இல்லை. நமக்கு மிலிட்டரி கார்டு இருக்கிறதே என்று இருந்துவிடுகிறார்கள். பாலிகிளினிக்கில் இதைச் சொல்லி அனுப்பவும் ஆளில்லை.

ஈ.எஸ்.ஐ., முதல்வர் காப்பீடு

கால் ஊன்றிய பிறகு வேலைக்குப் போகிறவர்களின் சிக்கல் வேறு மாதிரி. பழைய மகாபலிபுரம் சாலையின் ஐ.டி. வளாகங்களில், கடற்கரைச் சாலைப் பண்ணை வீடுகளில் செக்யூரிட்டியாகவும் சூப்பர்வைசராகவும் நிற்பவர்களில் முன்னாள் படைவீரர்கள் ஏராளம். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை இருந்தால் ஈ.எஸ்.ஐ. கட்டாயம், மாற்றுத்திறனாளிகளுக்கு 25,000 வரை. சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடிப்பார்கள். "எனக்குத்தான் ஈ.சி.எச்.எஸ். இருக்கிறதே, இது தண்டம்" என்று நினைப்பவர்கள் உண்டு. தண்டமில்லை. ஈ.சி.எச்.எஸ். சிகிச்சை தரும், சம்பளம் தராது. நோயால் வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கு, ஆண்டுக்கு 91 நாள் வரை 70 சதவீதச் சம்பளத்தை ஈ.எஸ்.ஐ. தரும். ஆனால் அதற்கு ஈ.எஸ்.ஐ. மருத்துவரின் சான்று வேண்டும். சிகிச்சை ராணுவ மருத்துவமனையில், விடுப்புச் சான்று ஈ.எஸ்.ஐ. டிஸ்பென்சரியில். ஒரே மனிதரின் ஒரே நோய்க்கு இரண்டு கோப்பு. இதைக் கம்பெனி எச்.ஆர். விளக்குவதில்லை, பாலிகிளினிக்கும் விளக்குவதில்லை.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்குக் குடும்ப ஆண்டு வருமான வரம்பு 1,20,000 ரூபாய். மத்திய அரசின் குறைந்தபட்சப் பென்ஷனே மாதம் 9,000. அகவிலைப்படி சேர்த்தால் ஆண்டுக் கணக்கு இந்த வரம்பைத் தாண்டிவிடும். ஆக, டிசபிலிட்டி பென்ஷன் வாங்கும் சிப்பாய் குடும்பம் இதற்கு வெளியே. பென்ஷனே இல்லாமல் அனுப்பப்பட்டவருக்கு இது பெரிய உதவி, விண்ணப்பிக்க வேண்டும். மாற்றுத்திறனாளி அடையாளமான யு.டி.ஐ.டி. கார்டுக்கு மறுபடி அரசு மருத்துவமனைக் குழு முன் நிற்க வேண்டும். ராணுவ மெடிக்கல் போர்டு எழுதிய சதவீதம் பென்ஷனுக்கானது. அது இங்கே அப்படியே செல்லாது. கால் இல்லாதவர் கால் இல்லை என்பதை எத்தனை இடத்தில் காட்டுவது?

மூத்தவர்களுக்கு இந்த முடிச்சை மத்திய அரசு ஓரளவு அவிழ்த்தது. 2024 அக்டோபரில் 70 வயது கடந்த எல்லோருக்கும் ஆயுஷ்மான் பாரத் விரிவாக்கப்பட்டபோது, ஈ.சி.எச்.எஸ். உறுப்பினர்கள் இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம் என்றார்கள். முடிவெடுக்க ஒரு தெளிவான வாய்ப்பு. முப்பது வயது ஊனமுற்றவருக்கு அப்படி ஓர் அறிவிப்பு வந்ததில்லை.

அமெரிக்காவிலும் இதே வயதினர்தான் இடறுகிறார்கள் என்பது கவனிக்கத்தக்கது. அங்கே ராணுவத்தில் ஓய்வுபெற்றோருக்கு 'டிரைகேர்'. 65 வயதில் பொதுவான 'மெடிகேர்'. ஆனால் 65-க்கு முன்பே ஊனத்தால் வேலை செய்ய முடியாமல் சமூகப் பாதுகாப்பு உதவி பெறுபவருக்கு 24 மாதம் கழித்து மெடிகேர் தானாக வந்துவிடும். வந்ததும் அதன் 'பி' பகுதிக்கு மாதக் கட்டணம் கட்ட வேண்டும். 2025-ல் 185 டாலர். கட்ட மறுத்தால் டிரைகேரும் போய்விடும். ஊனம் காரணமாகவே கூடுதல் கட்டணம் விழுகிறது என்று அங்குள்ள வீரர் அமைப்புகள் நெடுநாளாக முறையிடுகின்றன. எனினும் அங்கே ஒரு விஷயம் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது: முதலில் மெடிகேர் கொடுக்கும், மீதியை டிரைகேர் கொடுக்கும். எந்தப் பணப்பை முதலில் திறக்க வேண்டும் என்று நோயாளி ஓட வேண்டியதில்லை. நம் திட்டங்களில் அந்த ஒரு பக்கம்தான் எழுதப்படவே இல்லை.

ஆய்க்குடியிலிருந்து ஒரு சாட்சி

இதையெல்லாம் ஐம்பது ஆண்டுக்கு முன்பே தன் உடம்பில் அனுபவித்த ஒரு தமிழர் இருக்கிறார். எஸ். ராமகிருஷ்ணன். 1975-ல் பொறியியல் மாணவராக இருந்தபோது கடற்படை அதிகாரித் தேர்வுக்காகப் பெங்களூரு சென்றார். உடல்திறன் சோதனையில் விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். கேடட் கூட ஆகாதவர். தேர்வாகும் முன்பே முடிந்துபோன ராணுவ வாழ்க்கை. அவருக்குச் சிகிச்சை அளித்த ராணுவ மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹல் காட்டிய அக்கறை அவரை நிமிர்த்தியது. ஊர் திரும்பி 1981-ல், இன்றைய தென்காசி மாவட்டத்து ஆய்க்குடியில், அந்த மருத்துவரின் பெயராலேயே அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். ஒரு சிறு பள்ளியாக ஆரம்பித்தது, கிராமங்களுக்கே சென்று மாற்றுத்திறன் குழந்தைகளுக்குப் பயிற்சி தரும் பெரிய அமைப்பாக வளர்ந்தது. 2020-ல் அவருக்குப் பத்மஸ்ரீ.

அவர் கதையைச் சாதனைக் கதையாகச் சொல்லி முடித்துவிடுவது நம் வழக்கம். எனக்கு அதில் வேறொன்று உறைக்கிறது. எந்தத் தகுதிச் சீட்டும் இல்லாத ஓர் இளைஞனை ஒரு ராணுவ மருத்துவர் தன் நோயாளியாக எடுத்துக்கொண்டார். அந்த முடிவை ஒவ்வொரு முறையும் ஒரு நல்ல மனிதரின் இரக்கத்துக்கு விட்டுவைக்காமல் விதியாக எழுத வேண்டியது அரசின் வேலை.

விதி மாறும்வரை, குடும்பங்கள் செய்யக்கூடியவை சில உண்டு. மெடிக்கல் போர்டு நடவடிக்கைகளின் முழு நகலையும், விபத்து நடந்திருந்தால் விசாரணை அறிக்கையின் நகலையும் வெளியேறும் முன்பே கேட்டு வாங்குங்கள். பின்னாளில் தீர்ப்பாயத்தில் பேசப்போவது அவைதான். டிசபிலிட்டி பென்ஷன் மறுக்கப்பட்டால் முதல் மேல்முறையீட்டுக்கான கெடுவைத் தவறவிடாதீர்கள். பென்ஷன் வழக்கு நடக்கும்போதே யு.டி.ஐ.டி. கார்டுக்கும், தகுதி இருந்தால் முதல்வர் காப்பீட்டுக்கும் விண்ணப்பியுங்கள். ஒன்று வரட்டும் என்று மற்றதை நிறுத்தி வைக்க வேண்டாம். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். குறுகிய காலப் பணி முடித்துப் பென்ஷன் இல்லாமல் வெளிவந்த அதிகாரிகளுக்கு 2019 மார்ச்சில் ஈ.சி.எச்.எஸ். திறக்கப்பட்டது; பரங்கிமலையில் பயின்ற பலர் இந்த வகையில் வருவார்கள். அவர்களில் இன்னும் சேராதவர்கள் சேரலாம்.

அரசு செய்ய வேண்டியதும் பெரிய செலவுக் காரியமில்லை. பரங்கிமலை ராணுவ மருத்துவமனையிலோ தீவுத்திடல் பாலிகிளினிக்கிலோ ஒரே ஒரு மேசை. ஈ.சி.எச்.எஸ்., ஈ.எஸ்.ஐ., மாநிலக் காப்பீடு, யு.டி.ஐ.டி. நான்கையும் தெரிந்த ஒருவர் அங்கே உட்கார வேண்டும். ஓடுவது கோப்பாக இருக்கட்டும், சக்கர நாற்காலியில் இருப்பவர் ஓட வேண்டாம்.

இதை இப்போதே செய்ய வேண்டியதற்கு அவசரக் காரணம் ஒன்று உண்டு. 2022-ல் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தில் சேர்ந்த முதல் அணி அக்னிவீரர்கள் 2026 இறுதியிலிருந்து நான்காண்டு முடித்து வெளியே வரத் தொடங்குவார்கள். நான்கில் ஒரு பங்கினர் வரைதான் நிரந்தரப் பணிக்கு எடுக்கப்படுவார்கள். மற்றவர்களுக்கு முன்னாள் படைவீரர் தகுதி கிடையாது, பென்ஷன் கிடையாது, ஈ.சி.எச்.எஸ். கிடையாது. பணியால் ஊனமுற்றால் ஊனத்தின் அளவைப் பொறுத்து 44 லட்சம், 25 லட்சம் அல்லது 15 லட்சம் ரூபாய் ஒருமுறை தருவார்கள். பணியால் இல்லை என்று போர்டு எழுதிவிட்டால் அதுவும் இல்லை. இருபத்திரண்டு வயதில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த ஓர் அக்னிவீரருக்கு அந்தத் தொகை எத்தனை ஆண்டுக்குக் கதீட்டர் வாங்கும், எத்தனை ஆண்டுக்கு உதவியாளர் சம்பளம் கொடுக்கும் என்று பாதுகாப்பு அமைச்சகம் கணக்கிட்டு வெளியிட வேண்டும். கேடட்டுகளுக்குத் திறந்த அதே கதவை, இன்னொரு வழக்குக்குக் காத்திராமல், அக்னிவீரர்களுக்கும் 2026 முடிவதற்குள் திறந்துவிடலாம்.